ஃபிளமெங்கோ கிற்றார்ல ட்ரெபிள் சத்தம் நல்லா வர என்ன செய்யலாம்? வன்னிப் பக்கத்து ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு எங்கட பக்கம் கிற்றார் வச்சிருக்கிற ஆக்கள் கனபேர். முக்காவாசிப்பேர் கோயில் பாட்டுக்குழுவில கோட் அடிச்சுப் பழகினவை, மிச்சம் பைலா அடிக்கிற ஆக்கள். அதுக்குள்ள யூடியூப் பாத்து ஃபிளமெங்கோ எண்ட இஸ்பெயின் கிற்றார் இசையில விழுந்த சின்னக் கூட்டமும் ஒண்டு இருக்கு. அந்தக் கூட்டம் கேக்கிறது சுத்திச் சுத்தி ஒரே விஷயம்தான்: பேஸ் கம்பி நல்லா இருக்கு, கீழ மூண்டு கம்பியும் மட்டும் மெல்லிசா, உயிரில்லாம கேக்குது, என்ன செய்யலாம்? இஞ்ச கிற்றார் திருத்துற ஆளைத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டம், அதால வீட்டில செய்யக்கூடியது எது, கை வைக்கவே கூடாதது எது எண்டும் சேத்துச் சொல்லுறன்.

கேள்வி: அண்ணை, ட்ரெபிள் எண்டு நீங்கள் எதைச் சொல்லுறியள்?

சுத்துக்கம்பி இல்லாத மூண்டு கம்பி. முதலாவது ஈ, இரண்டாவது பி, மூண்டாவது ஜி. ஃபிளமெங்கோவில இந்தக் கம்பியளிட்ட எதிர்பாக்கிற சத்தம் கிளாசிக்கல்ல எதிர்பாக்கிறது இல்லை. கிளாசிக்கல்ல இனிமையா, நீளமா நிக்கவேணும். ஃபிளமெங்கோவில டக்கெண்டு வெடிச்சு வரவேணும், கெதியா அடங்கவும் வேணும், ஆனா அந்த வெடிப்புக்குள்ள ஒரு சதைப்பிடிப்பு இருக்கவேணும். சதை இல்லாம வெடிப்பு மட்டும் வந்தா அதுதான் எல்லாரும் சொல்லுற தகரச் சத்தம். அதால சத்தம் நீளமா நிக்கேல்லை எண்டு கவலைப்படாதேங்கோ, சைப்ரஸ் மரத்தில செய்த பிளாங்கா கிற்றார் அப்பிடித்தான். நீளமா நிக்கவேணும் எண்டா ரோஸ்வூட்ல செய்த நெக்ரா பக்கம் போகவேணும்.

கேள்வி: எனக்கு மட்டும் மெல்லிசா கேக்குதோ, உண்மையிலயே கிற்றார்ல குறையோ?

நல்ல கேள்வி, இதைக் கேக்காமலே கனபேர் காசைக் கரைக்கினம். கிற்றாரோட உயர்ந்த சுருதிச் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில பரவாது, அது மேல் பலகையில இருந்து நேர முன்னுக்குத்தான் கூடப் போகும். வாசிக்கிற உங்கட காது பலகைக்கு மேலயும் பின்னாலயும் இருக்கு, உங்களுக்கு அது குறைச்சலாத்தான் கேக்கும். போனை ரெண்டு மீற்றர் முன்னால வச்சு ரெக்கோட் பண்ணிக் கேளுங்கோ, இல்லாட்டி ஆரும் வாசிக்கத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்திட்டு முன்னால இருந்து கேளுங்கோ. சிலவேளை பிரச்சினை அதோடயே முடிஞ்சிடும்.

இருந்து வாசிக்கிற இடத்தையும் பாருங்கோ. கிடுகுக் கொட்டிலுக்குள்ள வாசிச்சா கூரையும் தட்டியும் ட்ரெபிளைத்தான் முதல்ல உறிஞ்சும். வெறும் சீமெந்துச் சுவர் வீட்டில அதே கிற்றார் கத்தும். முத்தத்து மாமரத்துக்குக் கீழ வாசிச்சா சத்தம் திரும்பி வர ஒரு சுவரும் இல்லை, எந்தக் கிற்றாரும் அங்க மெல்லிசுதான்.

கேள்வி: சரி, உண்மையிலயே குறைதான். முதல்ல எதை மாத்துறது?

முதல்ல நகம், பிறகு கை அடிக்கிற விதம், பிறகு கம்பி, பிறகு சாடில் (பலகையில கம்பி கட்டுற பிரிட்ஜ் எண்ட மரக்கட்டையில, கம்பியைத் தாங்கிற மெல்லிய துண்டு), பிறகு ஈரம். மரம் கடைசி, அதையும் தொடாம விடுறதுதான் என்ர அபிப்பிராயம். ஆனா கேக்க வாற ஆக்கள் எல்லாம் மரத்தில இருந்துதான் தொடங்குவினம், புதுக் கிற்றார் வாங்கட்டோ எண்டு. நகத்தை வடிவாத் தீட்டிப்போட்டு அதே கிற்றாரைத் திரும்பக் கேளுங்கோ, பிறகு கதைப்பம்.

கேள்வி: நகத்தில அப்பிடி என்ன இருக்கு?

கம்பியோட கடைசியாத் தொடுறது நகம்தானே. அந்த நகத்து விளிம்பில கண்ணுக்குத் தெரியாத அரம் மாதிரிச் சொரசொரப்பு இருந்தா கம்பியை விடேக்க ஒரு உரசல் சத்தம் வரும், அந்த உரசல்தான் மெல்லிசு, கீச்சு எண்டு காதில விழுறது.

வலக்கை உள்ளங்கையை முகத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ. விரல் நுனிக்கு மேலால நகம் ஒண்டு, ஒண்டரை மில்லிமீற்றர் தெரிஞ்சாக் காணும். கிளாசிக்கல் ஆக்கள் கொஞ்சம் கூட விடுவினம், ஃபிளமெங்கோவுக்கு கட்டையா, பலமா இருக்கிறதுதான் நல்லம், ஏனெண்டா ரஸ்கெயாடோ, அதாவது விரல்களை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விசிறி எல்லாக் கம்பியிலயும் அடிக்கிறது, அதை அடிக்கேக்க நீள நகம் கழண்டு போயிடும். நீள நகம் நுனியில வளையும், வளைஞ்சாலும் சத்தம் மெல்லிசாப் போகும்.

தீட்டுறதுக்கு பெயின்ற் கடையில வாட்டர் பேப்பர் வாங்குங்கோ, கராஜில கார் பெயின்ற் அடிக்கிறவை பாவிக்கிறது. 600ஆம் நம்பரில வடிவம் எடுத்து, 1000, பிறகு 2000. மேல் விளிம்பை மட்டும் தீட்டிப்போட்டு விடாதேங்கோ, கம்பி உள்பக்கத்தால ஏறித்தான் வெளிய வருது, அதால நகத்துக்கு உள்பக்க விளிம்பையும் கடுதாசியைச் சுருட்டி விட்டுத் தீட்டவேணும். கடைசியா பழைய ஜீன்ஸ் துணியில தேய்ச்சா கண்ணாடி மினுக்கம் வரும். சரியோ எண்டு பாக்க நகத்தை முதலாம் கம்பியில நீளவாக்கில மெல்ல ஓட விடுங்கோ, ஒரு சத்தமும் வரக்கூடாது. வந்தா திரும்ப 2000.

வடிவம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நகம் தட்டையா உள்ள ஆளுக்கு ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்கு ஏத்தமா வெட்டினா கம்பி வழுக்கிக்கொண்டு போகும், வளைஞ்ச நகத்துக்கு விரல் நுனியின்ர வட்டத்தோடயே விடலாம். கம்பி முதல்ல சதையில பட்டு, அதிலயிருந்து நகத்துக்கு ஏறி, விடுபடவேணும், இதுதான் கணக்கு. தனி நகம் மட்டும் பட்டாத் தகரம், தனிச் சதை மட்டும் பட்டா மொத்தை.

கேள்வி: எங்களுக்கு வயல் வேலை. காலபோகம் தொடங்கினா நகம் ஊறி மெத்துப் போகுது, உடைஞ்சும் போகுது. அதுக்கு?

இது வன்னியில கனபேருக்கு உள்ள உண்மையான பிரச்சினை, இஸ்பெயின் வீடியோவில ஒருத்தரும் இதுக்குப் பதில் சொல்லமாட்டினம். சேத்துத் தண்ணியில காலையில இருந்து நிண்ட நகத்தை அண்டைக்கே தீட்டினா நார் நாராப் போகும். கழுவி, காய விட்டு, ராத்திரிக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசி, அடுத்த நாள்தான் வாட்டர் பேப்பர். வேலைக்கு வலக்கைக்கு ஒரு ரப்பர் கிளவுஸ் போட ஏலுமெண்டா போடுங்கோ, பகிடி பண்ணுவினம்தான்.

சூப்பர் குளூ பூசுறது இஸ்பெயின் ஆக்களே செய்யிற வேலை. மெல்லிய ஒரு பூச்சு, காய்ஞ்சாப் பிறகு இன்னொண்டு, பிறகு தீட்டுறது. வெடிப்பு இருந்தா பசையில கொஞ்சம் அப்பச்சோடா தூவினா உடன கல்லாகும். ஆனா கவனம், அப்பிடி இறுகேக்க சூடு வரும், தோலில பட விடாதேங்கோ. பஞ்சாலயோ பருத்தித் துணியாலயோ சூப்பர் குளூவைத் துடைக்கவே கூடாது, பருத்தியோட சேந்தா கை சுடுற அளவுக்குச் சூடாகும். புகை கண்ணுக்குப் படாம வெளியில இருந்து செய்யுங்கோ. கழட்டுறதுக்கு அசிற்ரோன் உள்ள நெயில் பொலிஷ் றிமூவர், பிச்சு இழுத்தா நகத்திலயும் ஒரு படை உரிஞ்சு வரும்.

கேள்வி: நகம் சரி, ஆனா பிகாடோ (ரெண்டு விரலால மாறி மாறி ஒவ்வொரு சுரமா வேகமா அடிக்கிறது) அடிக்கேக்க மட்டும் மெல்லிசா வருது.

கம்பி எந்தப் பக்கமா அதிருது எண்டதில இருக்கு விஷயம். பலகைக்குச் சமாந்தரமா, பக்கவாட்டில அதிர்ற கம்பி பலகையைப் பெரிசா அசைக்காது, சத்தம் மெல்லிசு. பலகைக்கு உள்ளயும் வெளியயும் அதிர்ற கம்பி பிரிட்ஜைத் தூக்கிப் போடும், சத்தம் தடிப்பு. அப்போயாண்டோ எண்டு சொல்லுற அடி, அதாவது விரல் கம்பியை அடிச்சுப்போட்டு மேல் கம்பியில போய்ச் சாயிறது, அதில கம்பி தானாகவே பலகைப் பக்கம் அமத்துப்பட்டு விடுபடுது, பிகாடோவுக்கு அதை வச்சிருக்கிறது சும்மா இல்லை. உங்கட விரல் கம்பியைக் கொழுவி வெளிய இழுக்குதோ, உள்ளுக்குத் தள்ளுதோ எண்டு மெதுவா அடிச்சுப் பாருங்கோ. வேகமா அடிக்கிற ஆசையில இழுக்கத் தொடங்கினாத்தான் தகரம் வரும்.

அடுத்தது கை நிக்கிற இடம். பிரிட்ஜுக்குக் கிட்டப் போகப் போக சத்தம் கூராகும், ஓட்டைக்குக் கிட்ட வர வர தடிக்கும். வீடியோவில பேர்போன ஃபிளமெங்கோ கிற்றார்காரர் பாக்கோ டி லூசியா பிரிட்ஜ் பக்கம் வச்சு அடிக்கிறதைப் பாத்து நாங்களும் அங்க போய் நிப்பம், ஆனா அந்த மனுஷனிண்ட விரல் அழுத்தம் எங்களுக்கு இல்லை. ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் ஓட்டைப் பக்கம் வாங்கோ, அரைவாசி முறைப்பாடு அதிலயே தீரும்.

இடக்கைக்கும் ஒரு சொல்லு: ஃப்ரெட்டுக்கு (கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற உலோகக் கோடு) ஒட்டி, அதுக்குச் சரியாப் பின்னால அமத்துங்கோ. நடுவில அமத்தினா சத்தம் சாகும்.

கேள்வி: எந்தக் கம்பி போடலாம்?

அடிப்படையா ரெண்டு சாதி. ஒண்டு நைலோன். இது ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது, நியூயோர்க்கில அல்பேர்ட் ஓகஸ்டின் எண்ட கிற்றார் செய்யிற மனுஷன், பேர்போன கிளாசிக்கல் கிற்றார்காரர் செகோவியாவோட சேந்து கொண்டு வந்தது. அதுக்கு முந்தி ட்ரெபிள் எல்லாம் ஆட்டுக்குடல். மற்றது காபன் எண்டு சொல்லுற ஃபுளோரோகாபன். இது நைலோனை விட ஒண்டரை மடங்குக்கு மேல அடர்த்தி, அதால அதே சுருதிக்கு தடிப்பு கிட்டத்தட்ட ஐந்தில ஒரு பங்கு குறைஞ்ச கம்பி காணும். மெல்லிசான கம்பி வளைஞ்சு குடுக்கும், மேல் சுரங்கள் நல்லா வரும், சத்தம் பிரகாசமா இருக்கும்.

இதில கனபேர் மாறி விளங்கிக்கொள்ளுறது ஒண்டு இருக்கு. உங்கட முறைப்பாடு "மொத்தையா, அடைச்ச மாதிரி இருக்கு" எண்டா காபன் உதவும். "கீச்சுக் கீச்செண்டு மெல்லிசா இருக்கு" எண்டா காபன் அதை இன்னும் கூட்டிவிடும், நைலோன்தான் வேணும், அதிலயும் ஹாட் டென்ஷன், அதாவது இழுவை கூடின சாதி, போட்டுப் பாருங்கோ. அளவுக்கு ஒரு உதாரணம், டிஅடாரியோ கம்பனியிண்ட ஈஜே45 நோமல் டென்ஷனில ஈ 0.71 மி.மீ., பி 0.82, ஜி 1.02. ஈஜே46 ஹாட் டென்ஷனில ஒவ்வொண்டும் ஒரு மயிரிழை தடிப்பு. ஃபிளமெங்கோவுக்கெண்டே ஈஜே25, லா பெல்லா 820 எல்லாம் இருக்கு. லா பெல்லாவில ட்ரெபிள் சிவப்பு நிறம், பாக்கவே ஒரு எடுப்பு.

கேள்வி: மூண்டாவது கம்பி மட்டும்தான் மொத்தையா இருக்கு.

அது உங்கட கிற்றாரிண்ட குறை இல்லை, நைலோன் ஜி எல்லா இடத்திலயும் அப்பிடித்தான். 1 மி.மீ. தடிப்பில விறைச்சுப் போய் நிக்கும். ஜி மட்டும் காபன், ஈயும் பியும் நைலோன் எண்டு கலந்து போடுங்கோ. நானும் அப்பிடித்தான் போட்டிருக்கிறன்.

கேள்வி: கம்பி வாங்க யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேணும். தங்கூசி போட்டா என்ன?

சிரிக்காதேங்கோ, வெளிநாட்டிலயும் செய்யிற வேலைதான் இது. கிற்றார்க் கம்பியும் தங்கூசியும் ஒரே சாமான்தான், வித்தியாசம் அளவு சீராயிருக்கிறதில. முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் கடைகளில கிடைக்கிற சாதாரண நைலோன் தங்கூசி மீனுக்காகச் செய்தது, ஒரு இடத்தில தடிப்பு ஒரு இடத்தில மெல்லிசு இருந்தாலும் மீனுக்குப் பறுவாயில்லை. கிற்றார்ல அது சுருதி பிழைக்கும்: திறந்து அடிச்சா சரி, 12ஆம் ஃப்ரெட்டில அமத்தினா கூடிக் குறைஞ்சு நிக்கும். தூண்டில் காரர் பாவிக்கிற ஃபுளோரோகாபன் கிடைச்சா அது நல்லம். ஈக்கு 0.55–0.6 மி.மீ., பிக்கு 0.65–0.7, ஜிக்கு 0.8–0.85 அளவில பாருங்கோ. றோலில இருந்து வெட்டி, வெளிச்சத்தில பிடிச்சு, விரலால உருட்டிக்கொண்டே போங்கோ, தட்டுப்பட்டா அந்தத் துண்டை விட்டிட்டு அடுத்தது. ஒரு றோலில கனகாலம் ஓடும். பேஸ் கம்பிக்கு இந்த வழி இல்லை, அதுக்குக் காசு குடுக்கத்தான் வேணும்.

கேள்வி: ஸ்டீல் கம்பி போட்டா பிரகாசமா வருமெல்லோ?

போடவே வேண்டாம். நைலோன் செற் ஆறு கம்பியும் சேந்து இழுக்கிறது 40 கிலோ அளவு, ஸ்டீல் லைட் செற்றே 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பிடுங்கிக்கொண்டு வரும், இல்லாட்டி பலகை வயிறு வச்சு நிக்கும்.

கேள்வி: ட்ரெபிள் கம்பி அறவே அறுகிறதில்லை, பிறகேன் மாத்துவான்?

அறாது, ஆனா தேயும். கம்பிக்குக் கீழ விரலை ஓட்டிப் பாருங்கோ, ஃப்ரெட் பட்ட இடமெல்லாம் குழி இருக்கும், அந்தக் கம்பி இனிச் சுருதி நிக்காது, சத்தமும் மங்கும். அவசரத்துக்கு கழட்டித் தலைகீழாத் திருப்பிப் போட்டால் குழி இடம் மாறும், கொஞ்சக் காலம் ஓட்டலாம். புதுக் கம்பி போட்டு முதல் சில நாள் நைலோன் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அதுக்குள்ள சத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதேங்கோ.

கேள்வி: கம்பி உயரம் எவ்வளவு இருக்கவேணும்?

12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல முதலாம் கம்பி 2.5 மி.மீ. அளவு, ஆறாவது 3 மி.மீ. அளவு. அளக்க ஆயுதம் இல்லாட்டி போட்டோகொப்பிக் கடுதாசி பத்து ஒற்றை கிட்டத்தட்ட 1 மி.மீ., அடுக்கி உள்ள விட்டுப் பாக்கலாம். பிரிட்ஜுக்கு முன்னால பலகையில இருந்து கம்பிக்கு 7–8 மி.மீ., கிளாசிக்கல்ல இது 10க்கு மேல நிக்கும்.

இஞ்ச ஒரு ரகசியமும் இல்லாத ரகசியம்: ட்ரெபிள் மெல்லிசு எண்டு வாற கிற்றார்கள்ல கனக்க, முதலாம் கம்பி ஆகலும் தாழ இருக்கிறதாலதான் அப்பிடி. "ஃபிளமெங்கோ எண்டா தாழத்தான்" எண்டு ஆரோ சொல்ல, சாடிலைத் தீட்டித் தீட்டி 2 மி.மீ.க்குக் கீழ கொண்டு போயிருப்பினம். கம்பிக்கு அதிர இடமில்லை, ஃப்ரெட்டில முட்டி முட்டிச் சாகுது. சாடிலுக்குக் கீழ தற்காலிகமா ஒரு மெல்லிய மரச் சீவல் வச்சு முதலாம் கம்பிப் பக்கத்தை அரை மில்லிமீற்றர் உயர்த்திப் பாருங்கோ. சாடில்ல அரை உயர்த்தினா 12ஆம் ஃப்ரெட்டில கால் மி.மீ.தான் கூடும், கைக்குப் பெரிசாத் தெரியாது, காதுக்குத் தெரியும். சத்தம் நல்லா வந்தால் அந்த உயரத்துக்குப் புதுச் சாடில் செய்யுங்கோ, சீவலை அப்பிடியே விட்டிட்டுப் போகாதேங்கோ, சாடிலிண்ட அடி முழுக்க மரத்தில வடிவாப் பதிஞ்சு இருந்தாத்தான் அதிர்வு பலகைக்கு இறங்கும்.

கேள்வி: பிளாஸ்ரிக் சாடிலை எலும்புக்கு மாத்தினா பிரயோசனம் இருக்கோ?

உள்ளீடில்லாத மெத்துப் பிளாஸ்ரிக்கில இருந்து எலும்புக்குப் போனா இருக்கு, ட்ரெபிள் துலக்கமாகும். ஏற்கெனவே எலும்பா இருந்தா விலை கூடின இன்னொரு எலும்பால ஒண்டும் நடக்காது. இறைச்சிக்கடையில மாட்டுத் தொடை எலும்பு கேளுங்கோ, சுவர் தடிச்ச எலும்பு வேணும். சதை சுரண்டி, மெல்லிய சூட்டில அவிச்சு, சவுக்காரத் தண்ணியில கொழுப்புப் போக ஊற வச்சு, நிழல்ல கிழமைக்கணக்கில காய விடுங்கோ, வெயில்ல போட்டா வெடிக்கும். நாயும் கொண்டு போயிடும், உயரத்தில வையுங்கோ. பிறகு ஹக்ஸோ பிளேட்டால வெட்டி, 80 மி.மீ. நீளம், தடிப்பு உங்கட பிரிட்ஜ் தவாளிப்புக்கு ஏத்த மாதிரி 2.5–3 மி.மீ. தூள் மூக்குக்குள்ள போகாம மாஸ்க் போடுங்கோ. மான்கொம்பு, தந்தம் பக்கம் போகவேண்டாம், அது வனஜீவராசிகள் திணைக்களத்தோட நேர வம்பு.

மேல் விளிம்பை வட்டமா விட்டு, கம்பி சாடிலைத் தாண்டிக் கீழ இறங்கிற சரிவு நல்லா இருக்கோ பாருங்கோ. சரிவு இல்லாட்டி கம்பி சாடிலை அமத்தாது, சத்தம் சப்பெண்டு இருக்கும்.

கேள்வி: முதலாம் கம்பி முடிச்சு வழுக்கிக் கழருது.

மெல்லிசான கம்பிக்கு அது வரும், காபனுக்கு இன்னும் கூட. மற்றதுக்கு ஒரு சுத்தெண்டா இதுக்கு ரெண்டு மூண்டு சுத்து, கம்பி நுனியை லைற்றரில காட்டி ஒரு குமிழ் ஆக்கி விடுங்கோ. நுனி பலகையைத் தொட்டுக்கொண்டு இருந்தா சிணுங்கும், வெட்டி விடுங்கோ. கழண்டு பறக்கிற கம்பி பலகையைக் கீறிப் பள்ளமாக்கும், அதைத் திருத்தேலாது.

கேள்வி: எல்லாம் நல்லம், ஆனா ஒரே ஒரு சுரம் மட்டும் செத்துக் கிடக்கு.

ஒரு சோதனை. எல்லாக் கம்பியையும் அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேருங்கோ. செத்த இடம் அதே ஃப்ரெட்டில நிண்டா ஃப்ரெட்டில பிழை, தேஞ்சிருக்கும் இல்லாட்டி பக்கத்தில ஒண்டு எழும்பியிருக்கும், திருத்தலாம். செத்த இடம் ஒரு ஃப்ரெட் மேல தள்ளிப் போச்செண்டா அந்தச் சுரத்தில பலகையே அதிர்ந்து சக்தியை விழுங்குது, அது அந்தக் கிற்றாரிண்ட பிறவிக் குணம். கம்பி டென்ஷன் மாத்தி கொஞ்சம் மறைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: மாரி காலத்தில சத்தம் மங்கிப் போகுது, உண்மையோ என்ர பிரமையோ?

உண்மை. நல்ல கிற்றார்கள் ஈரப்பதம் 45–50 வீதத்தில வச்சுச் செய்தது. இஞ்ச ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்தோட மழை பிடிச்சா கிழமைக்கணக்கில அதை விட எவ்வளவோ கூட நிக்கும். பலகை ஈரத்தைக் குடிச்சு ஊதும், பாரம் கூடும், அதிர்வைத் தானே விழுங்கும், கம்பியும் உயரும். பறை அடிக்கிறவை நெருப்பில காட்டிப்போட்டுத்தானே அடிக்கிறவை, அதே சங்கதிதான் இதுவும், ஆனா தயவுசெய்து கிற்றாரை நெருப்பில காட்டாதேங்கோ, வெயில்லயும் வைக்காதேங்கோ. வாசிக்காத நேரம் கேஸுக்குள்ள மூடி, உள்ளுக்கு சிலிக்கா ஜெல். நிறம் மாறுற சாதி வாங்கினா, நிறம் மாறினதும் தாச்சியில மெல்லிய சூட்டில வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். கேஸை சீமெந்து நிலத்தில வைக்காம வாங்கில ஏத்தி வையுங்கோ, ஈரத்துக்கும் நல்லம், கறையானுக்கும் நல்லம்.

மற்றப் பக்கம், வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து அடிக்கேக்க பலகை காய்ஞ்சு இறங்கும், கம்பியும் தாழும், சிணுங்கும், அப்ப ட்ரெபிள் மெல்லிசாகும். அதாலதான் ரெண்டு சாடில் வச்சிருக்கிறது நல்லம், மாரிக்குப் பதிவா ஒண்டு, கோடைக்கு உயரமா ஒண்டு. தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் தொங்கவிட்ட கிற்றாரிண்ட கதையை நான் சொல்லத் தேவையில்லை, பசை இளகினா பிரிட்ஜ் கையோட வரும்.

கேள்வி: என்னட்ட இருக்கிறது சாதாரண கிளாசிக்கல் கிற்றார். ஃபிளமெங்கோ ஆக்கலாமோ?

முழுசா இல்லை. சாடிலைத் தாழ்த்தலாம், ஆனா அந்தக் கழுத்துச் சரிவு உயரமான சாடிலுக்குச் செய்தது, ஆகலும் தாழ்த்தினா சாடில் பிரிட்ஜுக்குள்ள மறைஞ்சு, நான் மேல சொன்ன சரிவு போய், ட்ரெபிள் செத்திடும். 12ஆம் ஃப்ரெட்டில 3 மி.மீ.யோட நிப்பாட்டுங்கோ. விலை குறைஞ்சதுகளில மேல் பலகை ஒட்டுப்பலகையா இருக்கும். ஓட்டை விளிம்பில பாருங்கோ, மேல தெரியிற கோடு விளிம்பாலயும் நேரா இறங்கினா அது முழுப்பலகை, குறுக்க வேற படை தெரிஞ்சா ஒட்டு. ஒட்டுப்பலகைக்கு விலை கூடின கம்பி போட்டுக் காசை வீணாக்காதேங்கோ.

கேள்வி: உள்ளுக்குக் கையை விட்டு, மேல் பலகைக்குக் கீழ ஒட்டியிருக்கிற மரச் சட்டங்களைச் சுரண்டினா ட்ரெபிள் கூடுமாம். பிரிட்ஜைக் கருங்காலியில மாத்தினாலும் நல்லமாம்?

ரெண்டுமே வேண்டாம். சுரண்டினது திரும்ப வராது, அதோட சட்டம் மெலிஞ்சா முதல்ல கூடுறது பேஸ், ட்ரெபிளுக்குப் பலகை விறைப்பாவும் பாரம் குறைவாவும் இருக்கவேணும். கருங்காலியும் முதிரையும் பாலையும் எங்கட காட்டுப் பெருமைதான், ஆனா ஆகலும் பாரம். பிரிட்ஜில பாரம் ஏத்தினா முதல்ல அடங்கிறதே ட்ரெபிள்தான். கருங்காலியில நட் (கழுத்துத் தலைப்பில கம்பி தாங்கிற துண்டு) செய்யலாம், அதோட நிப்பாட்டுங்கோ.

கேள்வி: விரலால பலகையில தட்டுற இடத்தைக் காக்க ஒட்டுற கொல்பெயடோர் தகட்டை ஒட்டினா சத்தம் குறையுமோ?

தடிச்ச பிளாஸ்ரிக்கை பிரிட்ஜ் வரைக்கும் ஒட்டினா குறையும். மெல்லிசான, கண்ணாடி மாதிரிச் சாதியை, நகம் தட்டுற இடத்துக்கு மட்டும் ஒட்டுங்கோ. ஒட்டாம விட்டா பலகையைத் துளைச்சிடுவியள், அதையும் யோசியுங்கோ.

கேள்வி: காசு செலவில்லாம உடன வித்தியாசம் கேக்க ஏதும் இருக்கோ?

கப்போ, அதான் கழுத்தில எல்லாக் கம்பியையும் சேத்து அமத்திப் பிடிக்கிற கிளிப், அதைப் போடுங்கோ, ரெண்டாம் மூண்டாம் ஃப்ரெட்டில. இஸ்பெயின் ஆக்கள் பாடகரிண்ட குரலுக்காகத்தான் போடத் தொடங்கினவை, ஆனா கம்பி கட்டையாகி ட்ரெபிள் கூர்மையா, இறுக்கமா வரும்.

கேள்வி: திருவிழாவில சவுண்ட்ஸ் காரரிண்ட மைக்கில போட்டா எல்லாம் கெட்டுப் போகுது.

மைக்கை ஓட்டைக்கு நேர வைக்கிறதாலதான், அதுக்குள்ள இருந்து வாறது பேஸ் காத்து. 12ஆம் ஃப்ரெட்டும் உடம்பும் சேர்ற இடத்துக்கு நேர, ஒரு அடி தள்ளி வையுங்கோ. அவர் ட்ரெபிள் நொப்பைக் கூட்டத்தான் பாப்பார், மறிச்சு 100–200 ஹேர்ட்ஸ் பக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ, ஃபீட்பேக்கும் அங்கதான் பிடிக்கிறது. எக்கோவை முழுசா நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்கோ, ஒத்துக்கொள்ளமாட்டார், பாதியாக்கினாலும் காணும்.